நிறம் ஏற்றுகிறவர்

புதுச்சேரி
4.6.2023

அன்புத் தங்கை பாஞ்சாலைக்கு,

அண்ணன் அரங்கநாதன் எழுதுவது. நானும் உன் அண்ணி கனகாவும் சுகம். மாப்பிள்ளை நல்லமுத்துவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பீங்கான் கம்பெனியில் களிமண் மூட்டையோடு விழுந்த மனிதர் ஒரு வருஷமாக வீட்டிலேயே கிடக்கிறார் என்று நீ போனில் அழுதது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பெட்டி.

உள்ளே நான்கு பைப் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வாயில் வைத்துப் புகைப்பது. துருக்கி நாட்டில் கிடைக்கும் மீர்ஷம் என்ற கல்லில் செதுக்கியது. அந்தப் பேருக்குக் கடல் நுரை என்று அர்த்தமாம். கையில் எடுத்துப் பார், கல் என்றே தோன்றாது, அவ்வளவு லேசு. புதிதில் வெள்ளையாக இருக்கும். தினமும் புகைத்தால் புகையிலையின் எண்ணெய் கல்லுக்குள் ஊறும். மேலே பூசிய தேன்மெழுகு அந்த நிறத்தை வெளியே கொண்டுவரும். முதலில் காம்புப் பக்கம் இளமஞ்சள், பிறகு தேன் நிறம், மாதங்கள் போனால் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். என் பழம்பொருள் கடைக்கு வருகிறவர்கள் நிறம் ஏறியதைத்தான் கேட்கிறார்கள். மோட்டார் வைத்து இழுத்துப் பார்த்தேன். சூடு தாங்காமல் விரிசல் விட்டுவிட்டது. மனித வாய்தான் சீராக இழுக்கும்.

ஒரு பைப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஒன்று ஆறுகிறபோது அடுத்தது. சூடாக இருக்கும்போது வெறும் விரலால் தொட்டால் கறை விழும், துணியால் பிடிக்கச் சொல். புகையை உள்ளே இழுக்க வேண்டாம், வாயோடு விட்டுவிடலாம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பைப் ஏற்கனவே பாதி நிறத்தில் இருக்கும். அதை முதலில் முடிக்கட்டும். ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் அனுப்புகிறேன்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதே. போனிலும் இந்தப் பேச்சு வேண்டாம். சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதிப் பெட்டியில் வை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், பார்சல் அங்கே இறங்கும்.

மாப்பிள்ளைக்கு இது உட்கார்ந்த இடத்து வேலை. கௌரவமான வேலை, கூலி பெட்டியோடு வரும்.

உன் நலம் நாடும் அண்ணன்,
அரங்கநாதன்


விருத்தாசலம்
20.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பாஞ்சாலை வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்களுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் வெண்பாவும் சுகம். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே சரியாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை பீடி கூடத் தொட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று நாள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னா வேலடி இது, ஆளத் தூக்கிடும் போலருக்குது" என்றார். நான்காம் நாள் பிடிபட்டுவிட்டது. இப்போது நான் பீங்கான் கம்பெனி வேலையிலிருந்து வந்து பையைக் கூட வைத்திருக்க மாட்டேன், "பாரு, காம்புக்கிட்ட மஞ்ச தட்டியிருக்குது" என்று வெளிச்சத்தில் காட்டுகிறார். அந்தப் புகையிலை வெண்ணிலா வாசம் அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாக்கா, தெனமும் பாயசம் காச்சறீங்களா?" என்று கேட்டாள்.

ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வாய் திறந்து பேசுகிறார் அண்ணா. அப்பா இல்லாத வீட்டில் எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். இதையும் நீங்கள்தான் செய்தீர்கள்.

ஒன்று கேட்கச் சொன்னார். பாதி நிறம் ஏறி வந்த அந்த இரண்டையும் புகைத்தது யார்? "கைதேர்ந்த ஆளு. எவ்ளோ சீரா இழுத்துருக்காரு பாரு, அவர்கிட்ட நாலு வார்த்த கேட்டுக்கிட்டா நல்லாருக்கும்" என்கிறார்.

உங்கள் தங்கை,
பாஞ்சாலை


புதுச்சேரி
5.9.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் மூவர் நலமும் அறிந்து சந்தோஷம். முடிந்து வந்த இரண்டு பைப்பும் அருமை. மாப்பிள்ளையின் பொறுமை யாருக்கும் வராது என்று நான் சொன்னதாகச் சொல்.

அவற்றுக்குப் பதிலாக மூன்று அனுப்பியிருக்கிறேன். நாளொன்றுக்கு மூன்று முறையாக்கினால் டூரிஸ்டுகள் வரும் டிசம்பர் சீசனுக்குள் நிறம் வந்துவிடும்.

அவரை அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொல். நாக்கு ஓரத்திலோ கன்னத்தின் உள்பக்கமோ வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் முதலில் எனக்கு எழுது. அங்கே டாக்டரிடம் ஓட வேண்டாம். இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

வெண்பா படிப்பில் கவனமாக இருக்கட்டும்.

அன்புடன்,
அரங்கநாதன்


விருத்தாசலம்
22.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலம்தானே? இங்கே நலம் என்று எழுதத்தான் நினைத்தேன்.

போன வாரம் வெண்பா தன் போனில் உங்கள் கடை விளம்பரத்தில் வந்த ஒரு படத்தைக் காட்டினாள். நீங்கள் அனுப்பியதில் தாடிக்காரக் கிழவன் முகம் செதுக்கிய பைப் ஒன்று இருந்ததே, தாடியில் பிறை மாதிரி கீறல் விழுந்தது, அதேதான். பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கையாண்டதாம். நூற்றிருபது வருஷப் பழசாம். தலைமுறை தலைமுறையாகப் புகைத்து வந்த நிறமாம்.

உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு மாசத்துல என் வாயி நூத்தி இருவது வருஷ வேல செஞ்சிருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழம்பொருள் கடை என்று சொன்னீர்கள். பழையதை விற்கிற கடை என்று நினைத்தேன். எங்களை வைத்துப் புதியதைப் பழசாக்குகிற கடை என்று சொல்லவில்லை.

இன்னொன்று. ஒரு மாதமாக அவருக்குக் காரம் ஆகவில்லை. கருவாட்டுக் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிர் கேட்கிறார். நான் சமைப்பது பிடிக்கவில்லையோ என்று நேற்று சத்தம் போட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வாய் எரிகிறது என்று பிறகு வெண்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வேலை போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பாஞ்சாலை


புதுச்சேரி
3.11.2023

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம் என நம்புகிறேன். தீபாவளிக்கு உனக்கும் வெண்பாவுக்கும் துணி வைத்திருக்கிறேன்.

வாய் எரிவது சூடு. மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடு, மோர் குடிக்கச் சொல். பத்து நாளில் போய்விடும்.

ஆறு புதிய பைப் வருகின்றன. பழைய ஐந்தையும் பாதியில் விட்டுவிடக் கூடாது. பாதியில் விட்டால் நிறம் திட்டுத் திட்டாக நின்றுவிடும் என்று மாப்பிள்ளைக்கே தெரியும்.

கடையைப் பற்றி வெண்பா யாரிடமும் பேச வேண்டாம்.

அன்புடன்,
அரங்கநாதன்


விருத்தாசலம்
28.11.2023

அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. இவர் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

மணத்தக்காளி சமைத்தேன். மோர் கொடுத்தேன். பத்து நாள் போய் இருபது நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வலுக்கட்டாயமாக அவர் வாயைத் திறக்க வைத்து போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை. துணியால் தேய்த்தேன், போகவில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் உங்கள் செப்டம்பர் கடிதம் ஞாபகம் வந்தது. தேடி எடுத்துப் படித்தேன். நாக்கு ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு என்று எழுதவில்லை, புண் என்று எழுதவில்லை. வெள்ளை. இடத்தைக் கூடச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எப்படித் தெரியும் அண்ணா?

பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை புகைக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர், "ஐயா, நிறுத்துங்க, எண்ண வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டினேன். மறுநாள் கம்பெனியில் மத்தியானம் தலைவலி என்று சீக்கிரம் திரும்பினால் வீட்டில் வெண்ணிலா வாசம். கட்டை அவிழ்த்துப் பின்அறையில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறார். "இந்த ஆறும் இப்பத்தான் நெறம் புடிக்குது பாஞ்சால. இதோட விட்டா பாழாயிடும்" என்கிறார். பாழாகப் போவது எது என்று கேட்டு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

போன் போட்டேன். நான் கத்த ஆரம்பித்ததும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எப்படித் தெரியும் என்று பதில் எழுதுங்கள்.

பாஞ்சாலை


புதுச்சேரி
9.1.2024

பாஞ்சாலைக்கு,

அண்ணி கனகா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நல்லமுத்து தம்பி எப்படி இருக்கிறார்? வெண்பா பயந்து போயிருப்பாள், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அண்ணன் கடை மேஜையில் பூட்டி வைத்திருந்தார். பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது எடுத்துப் படித்தேன். ஒன்றரை மாதமாக ஒரு பதிலும் போடவில்லை என்று தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

பாதி நிறத்தோடு முதலில் வந்த அந்த இரண்டு பைப்பும் இவர் புகைத்ததுதான். அதற்கு முந்தின வருஷம் முழுக்க மாடியில் உட்கார்ந்து புகைத்தார். போன ஏப்ரல் கடைசியில் இவருக்கும் நாக்கில் அதே வெள்ளை வந்தது. டாக்டர் உடனே கருக்கி எடுத்துவிட்டார். இனிமேல் வாயில் வைத்தால் என்னிடம் வராதீர்கள் என்று திட்டினார். அன்றைக்கே நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் உனக்குப் பெட்டி வந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். "வாண்டாங்க, அவங்க ஒண்ணும் தெரியாத ஜனங்க" என்று ஒருமுறை சொன்னேன். "அவன் வயசு கொறஞ்சவன், தாங்குவான்" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கட்டியது என் கைதான்.

என்னையும் திட்டு.

கனகா


விருத்தாசலம்
21.1.2024

அரங்கநாதனுக்கு,

நீ என்றே எழுதுகிறேன். அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளை அடிக்கவோ திட்டவோ செய்தாய் என்று கேள்விப்பட்டால் கடை வாசலில் வந்து நிற்பேன்.

உன் நாக்கில் வந்தால் டாக்டர். இவர் நாக்கில் வந்தால் மணத்தக்காளி. இதை எழுத எப்படி மனசு வந்தது உனக்கு? இவருடைய வயதைக் கணக்குப் பார்த்துத்தான் தாங்குவான் என்று முடிவு செய்தாயா? உன்னைவிட நான்கு வயது குறைச்சல். அந்த நான்கு வருஷத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று யார் உனக்குச் சொன்னது?

சதைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இன்னும் புற்று ஆகவில்லை, ஆகிற வழியில் இருக்கிறது, ஓரத்தை வெட்டி எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் எட்டாம் தேதி, உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்.

அண்ணியின் கடிதத்தை இவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கைதேர்ந்த ஆளு அவருதானா" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ப் பதினொரு பைப்பையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத என்னா பண்ணணுமோ பண்ணிக்க" என்றார்.

பண்ணினேன். பொங்கல் முடிந்து கம்பெனியில் முதல் சூளை ஏற்றினோம். சூளை பார்க்கிற விருத்தகிரி அண்ணனிடம் கேட்டேன். "என்னாம்மா இது, பொம்மையா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அடித்தட்டுல ஓரமா வையி, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். வாயில் வைக்கும் குழல்களைக் கழற்றித் தனியாகக் கவரில் போட்டேன். கல் மட்டும் பீங்கான் பொம்மைகளோடு உள்ளே போயிற்று.

இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தோம். இவரும் வந்திருந்தார். மெழுகு, எண்ணெய், புகை, ஏழு மாதத்து நிறம், ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் எரிந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. நான்கு வெடித்துவிட்டன. மற்றவை சுண்டிச் சுருங்கிப் பீங்கான் மாதிரி ஆகிவிட்டன. துணி இல்லாமல் தொடவே மாட்டாரே, அந்த மனிதர் வெறும் கையில் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வருத்தமில்லை.

பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பஞ்சு வைக்கவில்லை.

பாஞ்சாலை


புதுச்சேரி
29.1.2024

பாஞ்சாலைக்கு,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

என்ன காரியம் செய்திருக்கிறாய் தெரியுமா? வாங்குகிறவர்களிடம் நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? அந்தக் கல் இனி எதற்கும் உதவாது. திமிர் பிடித்தவளே, வேலை கொடுத்த வீட்டில் தீ வைத்திருக்கிறாய்.

மாப்பிள்ளையை நான் கட்டிப்போட்டா புகைக்கச் சொன்னேன்? பல் டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் தானாகவே புகைத்தார் என்று நீதானே எழுதினாய்? எனக்கு வந்தது வேறு. அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. கனகா ஒன்றும் தெரியாதவள்.

நீங்கள் இல்லாவிட்டால் என் தொழில் நின்றுவிடும் என்று நினைக்காதே. நல்லூரில் பாண்டியன் என்று ஓர் ஆள் டிசம்பரிலிருந்து புகைக்கிறான். கேள்வி கேட்காத ஆள். பெண்டாட்டியும் உன்னைப் போல் இல்லை.

ஆபரேஷனுக்கு என்ன உதவி வேண்டுமோ அதை உரிமையோடு கேட்டிருந்தால் செய்திருப்பேன். இனிமேல் எழுதாதே.

அரங்கநாதன்


விருத்தாசலம்
20.3.2024

அரங்கநாதனுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ நன்றாகத்தான் இருப்பாய், அதை விசாரிக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அண்ணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, அன்றைக்கு நான் ஏன் உன்னை வெளியே போ என்று சொல்லவில்லை தெரியுமா? இவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வாய் திறக்க முடியாத மனிதருக்கு ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கி வந்து கட்டிலில் வைத்தாய். "எல்லாம் சரியாயிடும் மாப்ள" என்றாய். இவர் வெண்பாவின் நோட்டை வாங்கி எழுதிக் காட்டினார்: உங்க வாய காட்டுங்க மச்சான்.

நீ சிரித்தாய். இவர் சிரிக்கவில்லை. நோட்டைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அண்ணி உன்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நின்றாய், பிறகு பார்க்கிங்கில் வண்டியை எடுக்க வேண்டும் என்று போனாய். அண்ணி போகவில்லை. அன்றைக்கு முழுக்க இவருக்குக் கஞ்சி ஊற்றியது அவள்தான்.

இப்போது பேசுகிறார். ர, ல வரவில்லை. என் பேரைச் சொல்லும்போது நாக்கு மடங்காமல் நின்றுவிடுகிறது. பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், வரும் என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். காரம் இனி எப்போது என்று தெரியாது.

இதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

முந்தாநாள் நல்லூருக்குப் போயிருந்தோம். உன் பெட்டி எங்கே இறங்கும், எந்த டீக்கடையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏழு மாதம் வாங்கியவள். டீக்கடைக்காரரிடம் நல்லூர்ப் பெட்டியை யார் எடுத்துப் போகிறார்கள் என்று கேட்டேன். ஆராயி என்று ஒரு பெண், கரும்பு வெட்டப் போகிறவள், மாரியம்மன் கோயில் தெரு என்றார்.

கதவைத் திறந்தவளிடம் பெட்டி அனுப்புகிறவருடைய தங்கச்சி என்றேன். உடனே நாற்காலி போட்டாள், டீ போட ஓடினாள். உன் பேருக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. உள்ளே வெண்ணிலா வாசம். பாண்டியன் எழுந்து வந்தான். ஒரு கால் சூம்பிப்போன ஆள், முப்பது வயதுதான் இருக்கும். கையில் துணி, துணியில் பைப். "நெறம் நல்லா வருதுங்க, சார்கிட்ட சொல்லுங்க" என்று காட்டினான். இவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தலையாட்டினார். பிறகு திருப்பிக் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு, அவன் முன்னால் போய் வாயை அகலத் திறந்தார்.

நான் டார்ச் அடித்தேன். தையல் போட்ட இடம், குறைந்துபோன நாக்கு, எல்லாவற்றையும் அவன் பார்த்தான். ஆராயி கையிலிருந்த டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"இதே வேலைதான். ஏழு மாசம்" என்றேன்.

பாண்டியன் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, "எனக்கும் பத்து நாளா எரியுதுக்கா. சார் சூடுன்னாரு. மணத்தக்காளி திங்கச் சொன்னாரு" என்றான்.

அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான்கு மாதம் முன்னால் உனக்கு நான் எழுதிய கடிதம் இருக்கிறது, நகம் அளவுக்கு வெள்ளை என்று. அதைப் படித்துவிட்டுப் பூட்டி வைத்தாய். பூட்டி வைத்துவிட்டு அதே கீரையை இன்னொருவனுக்குச் சொல்லியிருக்கிறாய்.

அவன் வாயைத் திறக்கச் சொன்னேன். அரிசி அளவுக்கு ஒன்று. அதே இடது பக்கம். ஆராயி எட்டிப் பார்த்தாள். "யம்மா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவர் அவளிடம் ஏதோ சொல்ல முயன்றார், வார்த்தை குழறியது. திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறை விளங்கியது: "சின்னதுதாம்மா. இப்பவே போனா போயிடும்."

அன்று மாலையே அவர்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அதே பல் டாக்டர். சின்னதாக இருக்கும்போதே வந்தீர்கள் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நானும் ஆராயியும் அவனைப் புதுச்சேரிக்கு அழைத்து வருகிறோம். அண்ணிக்குச் சொல்லியாயிற்று, அவளும் வருகிறாள். உன்னிடம் சொல்லிக்கொண்டு வருவாளோ சொல்லாமல் வருவாளோ, அது உங்கள் பாடு.

நல்லூரிலிருந்த எட்டுப் பைப்பும் என்னிடம் இருக்கின்றன. கேட்டு ஆள் அனுப்பாதே. டீக்கடைக்காரருக்கும் சொல்லிவிட்டேன், இனி உன் பெட்டியைக் கை நீட்டி வாங்க மாட்டார்.

வேறு ஊர் தேடுவாய். பெண்ணாடத்தில் யாராவது இருப்பான், அதற்கும் அப்பால் யாராவது இருப்பான். வேலை இல்லாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆம்பளை எந்த ஊரிலும் இருப்பான். அனுப்பு. எந்த ஊராக இருந்தாலும் விருத்தாசலத்திலிருந்து பஸ் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.

பாஞ்சாலை